தண்ணீர் நின்றும் வாடும் பயிர்: போசணைக் குறைபாட்டை வரட்சிக்கு முன்பே கண்டு திருத்துவது எப்படி

இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனம், ஒரே நாள் விதைப்பு. முறைத் தண்ணீர் நாலு நாள் பிந்துகிறது. ஒரு வயல் உச்சி வெயிலில் இலையைச் சுருட்டி, பொழுது சாயும்போது விரித்துக்கொள்ளும். மற்ற வயல் சுருட்டியபடியே விடியும். பிறகு தண்ணீர் வந்தாலும் இலை நுனி கருகித்தான் நிற்கும். உடனே இனத்தைக் குறை சொல்வோம், இல்லாவிட்டால் நோய் என்று மருந்தடிப்போம். முதலில் பார்க்கவேண்டியது, அந்த வயலுக்குப் போன பருவத்தில் எம்ஓபி (பொற்றாசியம் தரும் பசளை) போட்டார்களா, வைக்கோல் எங்கே போனது என்பதை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. அதற்குப் பிறகு ஏறிய விலையில் கையைச் சுருக்கும் கமக்காரர் முதலில் விடுவது எம்ஓபியையும் சிங்க் சல்பேற்றையும் (நாகம் தரும் பசளை). யூரியாவை விடமாட்டார்கள், ஏனென்றால் யூரியா போட்ட பச்சை ஐந்தாம் நாளே கண்ணுக்குத் தெரியும். பொற்றாசியம் போட்டது கண்ணுக்குத் தெரியாது, வெயில் காய்ந்தால்தான் தெரியும். வன்னியில் பயிர் தாங்காமல் போவதற்கு இந்தச் சாய்ந்த தராசும் ஒரு காரணம்.

பசித்த பயிர் ஏன் தாங்காது

இலையின் அடிப்பக்கத்தில் உள்ள இலைவாய்களைத் திறந்து மூடுவது, அவற்றின் காவற்கலங்களுக்குள் போய்வரும் பொற்றாசியம். அது போதாத பயிரில் இலைவாய் மந்தமாகவே மூடும். சோளகக் காற்று அடிக்கும் மத்தியானத்தில் கதவைச் சாத்தமுடியாமல் தண்ணீரை விட்டுக்கொண்டே நிற்கும். வேரிலும் இதே கதைதான். கலத்துக்குள் பொற்றாசியம் இருந்தால்தான் காயும் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க முடியும்.

இன்னொன்று இலையில் நடக்கிறது. இலை செய்த சீனியைக் கதிருக்கும் வேருக்கும் அனுப்பப் பொற்றாசியமும் மகனீசியமும் வேண்டும். இல்லாவிட்டால் சீனி இலையிலேயே தேங்கும். சீனியும் அமினோ அமிலமும் தேங்கிய இலை சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் பங்கசுக்கும் விருந்து. யூரியா கூடி எம்ஓபி குறைந்த வயலில் அறக்கொட்டியானும் (சாறுறிஞ்சும் கபிலத் தத்தி) எரிபந்தமும் (பங்கசு நோய்) முதலில் வருவது இதனால்தான். அதோடு, சீனி தேங்கியதும் ஒளித்தொகுப்பு தடைப்படும். அப்போது பயன்படுத்த முடியாத வெயில் இலைக்குள்ளேயே நஞ்சுபோன்ற ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்கி இலையை எரிக்கும். அவற்றை அடக்கும் நொதியங்கள் சிலவற்றுக்கு நாகமும் செம்பும் மங்கனீசும் தேவை. ஆகவே நாகம் குறைந்த இலை, அதே வெயிலில் அயல் இலையைவிட முந்திக் கருகும்.

இதை நேரில் பார்க்கலாம். பயற்றையிலோ போஞ்சியிலோ நரம்பிடை மஞ்சளாகத் தொடங்கும் ஒரு முதிர் இலையைத் தெரிந்து, பாதியை ஒரு கடதாசித் துண்டால் மேலே மூடி, கிளிப் போட்டுவிடுங்கள். பத்து நாளில் எடுத்துப் பாருங்கள். நிழலில் இருந்த பாதி பச்சையாகவும் வெயில் பட்ட பாதி மஞ்சளாகவும் இருந்தால், மகனீசியம், பொற்றாசியம், நாகம் ஆகிய மூன்றில் ஒன்று குறைவென்று சந்தேகிக்கலாம். நைதரசன் குறைந்த இலை இரண்டு பாதியிலும் ஒரேமாதிரி வெளிறும்.

இலையைப் படிப்பது

முதற் கேள்வி ஒன்றுதான். அடையாளம் அடி இலையிலா, குருத்திலா? நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவற்றைப் பயிர் அடி இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், ஆகவே அடி இலைதான் முதலில் பழுதாகும். கல்சியம், போரன், இரும்பு, கந்தகம் அவ்வளவு இலகுவாக நகராதவை, அவற்றின் குறை புது இலையில் தெரியும்.

நெல்லில் பொற்றாசியக் குறை: அடி இலையின் நுனியில் மஞ்சள் தொடங்கி, இரு ஓரமாகவும் கீழிறங்கும். நடு நரம்பு பச்சையாகவே இருக்கும். பிறகு ஓரம் துருப்பிடித்ததுபோல் கபிலமாகும். மேல் இலைகள் கடும்பச்சையாய் இருப்பதால் தூரத்தில் நின்று பார்த்தால் வயல் செழிப்பாகவே தெரியும். கபிலப் புள்ளி நோய் என்று மருந்து வாங்கப் போகிறவர்கள் அதிகம். உண்மையில் அந்த நோயும் இந்தப் பசியோடுதான் கூட வரும்.

நாகக் குறை விதைத்த இரண்டாம் கிழமைக்கும் நாலாம் கிழமைக்கும் இடையில் வரும். வயல் முழுக்க வராது, திட்டுத் திட்டாக, தண்ணீர் வடியாத பள்ளத்தில் குட்டையாக நிற்கும். புது இலையின் நடுநரம்பு அடியில் வெளிறும், முதிர் இலைகளில் தூசு படிந்ததுபோல் கபிலப் புள்ளிகள் இருக்கும். காரத் தன்மையுள்ள மண், தண்ணீர் நிரந்தரமாய்த் தேங்கும் நிலம், ரிஎஸ்பி (பொசுபரசுப் பசளை) அளவுக்குமேல் போட்ட வயல் ஆகிய மூன்றிலும் இது கூடுதல். முருங்கன் பக்கத்துக் கருமண்ணில் இதை முதலில் நினைக்கவேண்டும். அந்த மண்ணிலேயே மேட்டுப்பயிர் வைத்தால் குருத்தில் நரம்பு மட்டும் பச்சையாய், இடையில் வெண்மஞ்சளாய் இரும்புக் குறை காட்டும்.

பொசுபரசு குறைந்தால் கன்று ஊதா கலந்த கடும்பச்சையில் குறுகி நிற்கும், சோளத்தில் நன்றாகத் தெரியும். இதற்கும் வரட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொசுபரசு மண்ணில் மிக மெதுவாக நகரும், அதுவும் ஈரம் இருந்தால்தான். மண் காயும்போது அது வேருக்கு வராது, வேரும் நீளாது. புழுதி விதைப்பில் (மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைப்பது) ரிஎஸ்பியை விதைப்புக்கு முன் மண்ணோடு கலக்கச் சொல்வது இதனால். மேலே தூவி மழைக்குக் காத்திருந்தால் முதல் மாதத்தில் அது பயிருக்குப் பெரிதாக உதவாது.

கண்ணை மட்டும் நம்பாமல்: விடுபட்ட பாத்திச் சோதனை

இலை அடையாளம் பாதி நேரம் ஏமாற்றும், இரண்டு குறை ஒன்றாக வந்தால் முழுக்க ஏமாற்றும். மண் பரிசோதனை நல்லது. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து, மேற்குப்பையை நீக்கி, ‘வி’ வடிவில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரிலிருந்து சீவிய மண்ணைச் சேருங்கள். மரப்பயிர் என்றால் 30 சென்ரிமீற்றருக்குக் கீழும் தனியாக எடுக்கவேண்டும். கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். எருக் குவியல் இருந்த இடம், வரம்போரம், வைக்கோல் எரித்த வட்டம் ஆகியவற்றிலிருந்து எடுத்தால் பலன் பொய்யாகும்.

அதைவிட நம்பிக்கையானது உங்கள் வயலே சொல்லும் பதில். நெல் வயலில் 5 மீற்றருக்கு 5 மீற்றராக மூன்று சிறு பாத்திகளை வரம்பு கட்டிப் பிரியுங்கள். முதலாவதற்கு எல்லாப் பசளையும். இரண்டாவதற்கு எம்ஓபி மட்டும் இல்லை. மூன்றாவதற்கு சிங்க் சல்பேற் மட்டும் இல்லை. ஏக்கருக்கு 90 கிலோ யூரியா, 22 கிலோ ரிஎஸ்பி, 25 கிலோ எம்ஓபி என்று வைத்தால் ஒரு பாத்திக்கு மொத்தப் பருவத்துக்கும் யூரியா 555 கிராம், ரிஎஸ்பி 135 கிராம், எம்ஓபி 155 கிராம் வரும். உங்கள் பிரிவுக்குச் சிபார்சு வேறாக இருந்தால் கிலோவை 6.2 ஆல் பெருக்கினால் பாத்திக்கான கிராம் கிடைக்கும். வரம்பு ஒழுகக்கூடாது. ஒழுகினால் பக்கத்துப் பசளை வந்து சோதனையைக் கெடுக்கும். மூன்றுக்கும் வாய்க்காலிலிருந்து தனித்தனி வாய் வைத்துத் தண்ணீர் விடுங்கள்.

நெல்லுக்கு: எப்போது, எவ்வளவு, என்ன வரிசையில்

சிங்க் சல்பேற் ஏக்கருக்கு 2 கிலோ போதும், கடைசி உழவில் மணலோடு கலந்து தூவவேண்டும். ரிஎஸ்பியோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத நாகப் பொசுபேற் ஆகி இரண்டும் வீண். ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

எம்ஓபியை இரண்டாகப் பிரியுங்கள். பாதி விதைத்த நாலாம் கிழமைக்குள், மீதி இளங்கதிர் உருவாகும்போது. இந்த இரண்டாவது பங்குதான் குடலைப் பருவத்தில் (கதிர் வெளிவருமுன் உள்ளே திரளும்போது) தண்ணீர் தட்டினால் பதர் விழாமல் காப்பது. நாட்காட்டியை நம்பவேண்டாம். மூன்றரை மாத இனத்தில் இளங்கதிர் உருவாவது ஏறத்தாழ 45 நாள் முதல் 50 நாள், ஆனால் குளிர்ந்த மாரியில் பிந்தும். தாய்மட்டம் (முதல் வந்த தண்டு) ஒன்றைப் பிடுங்கி, அடியிலிருந்து பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கடைசிக் கணுவுக்கு மேலே வெள்ளை இறகுபோல் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு கூம்பு தெரியும். பத்து மட்டத்தில் ஆறு ஏழில் தெரிந்தால் அடுத்த இரண்டு நாளில் போட்டுவிடுங்கள்.

யூரியாவை எடுத்தவுடன் கொட்டுவது பயிரை உள்ளீடு இல்லாத தடியன் ஆக்கும். இலை பெருக்கும், வேர் சிறுக்கும், கலச்சுவர் மெலியும். பிறகு வரும் வரட்சியில் பெரிய இலைக்குச் சின்ன வேர் தண்ணீர் இறைக்கவேண்டும். மூன்று நாலு தடவையாகப் பிரித்து, இலை நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் போடுங்கள். வயலில் தண்ணீர் ஆழமாய் நிற்கும்போதும், மண் வெடித்துக் கிடக்கும்போதும் யூரியா போடக்கூடாது. காய்ந்த மண்ணின் மேலே கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போகலாம்.

ஏற்கெனவே நாகக் குறை வந்துவிட்டதா? முதலில் தண்ணீரை வடித்து மண்ணைச் சில நாள் காயவிடுங்கள், பெரும்பாலும் அதுவே பாதி மருந்து. பிறகு 16 லீற்றர்த் தாங்கிக்கு 80 கிராம் சிங்க் சல்பேற், 40 கிராம் நீற்றின சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, சிங்க் கரைசலில் ஊற்றிக் கலக்கவேண்டும். சுண்ணாம்பு இல்லாமல் தனிச் சிங்க் சல்பேற்றைத் தெளித்தால் இலை எரியும். சுண்ணாம்பை அப்படியே கொட்டினால் முனை அடைக்கும். பன்னிரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை.

வரட்சி நெருங்கும்போது பலர் கேட்பது, எம்ஓபியைக் கரைத்துத் தெளிக்கலாமா என்று. தெளிக்கலாம். 16 லீற்றருக்கு 160 கிராம். சிவப்பு எம்ஓபியில் கரையாத மண் இருக்கும், ஆகவே முதல்நாள் இரவே வாளியில் ஊறவைத்து, காலையில் துணியில் வடியுங்கள். ஆனால் கணக்குப் பாருங்கள்: ஏக்கருக்கு 200 லீற்றர் தெளித்தால் போவது 2 கிலோ எம்ஓபி. மண்ணில் போடவேண்டியது 25 கிலோ. தெளிப்பு முதலுதவிதான், சாப்பாடு ஆகாது. பயிர் வாடி நிற்கும் நேரத்தில் தெளித்தால் இலைவாய் மூடிக்கிடக்கும், உப்பு இலையில் காய்ந்து எரிக்கும். அடுத்த முறைத் தண்ணீர் வர நாலைந்து நாள் பிந்தும் என்று தெரிந்தவுடன், பயிர் நிமிர்ந்து நிற்கும்போதே, காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது மாலை நாலுக்குப் பின் தெளியுங்கள்.

வைக்கோலும் உமியும்

நெல் உறிஞ்சும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில் நிற்கிறது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 25 கிலோ எம்ஓபியில் உள்ள அளவு பொற்றாசியம் உண்டு. அதாவது ஒரு ஏக்கருக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கும் முழு அளவு. மெஷின் வெட்டிய வைக்கோலைச் சுருட்டிக் கட்டி லொறியில் ஏற்றும்போது அந்த எம்ஓபிப் பையும் கூடவே ஏறுகிறது. விற்கத்தான் வேண்டுமென்றால் விலையில் அந்தப் பையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எரிப்பதும் ஈடாகாது. நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையாகிவிடும். பொற்றாசியம் சாம்பலில் தங்கினாலும், குவியல் குவியலாக எரித்த இடத்தில் மட்டும் தங்கும், அடுத்த போகத்தில் அந்த வட்டம் கடும்பச்சையாய், சுற்றிலும் வெளிறி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அறுவடைக்குப் பிறகு ஈரம் இருக்கும்போதே பரப்பி உழுதுவிட்டு, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை விட்டால் நல்லது. உடனே விதைத்தால் உக்கும் வைக்கோல் மண்ணில் உள்ள நைதரசனைப் பிடித்துக்கொண்டு கன்று மஞ்சளாகும்.

வைக்கோலில் சிலிக்கனும் நிறைய. நெல் அதை இலைத்தோலில் கண்ணாடிபோல் படியவைத்து நீரிழப்பைக் குறைக்கும், எரிபந்தத்தையும் சாய்வையும் தடுக்கும். ஆலைகளில் கிடைக்கும் உமியில், வெள்ளைச் சாம்பலாய் எரிந்ததைவிடக் கறுப்பாகக் கரிந்த உமிக்கரி மண்ணில் இலகுவாகக் கரையும். நாற்றுமேடைக்குச் சதுர மீற்றருக்கு அரை முதல் ஒரு கிலோ கலக்கலாம். முந்தி அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டி அடைத்தது வீண் வேலை அல்ல. பட்டியை நாலு நாளுக்கு ஒருமுறை நகர்த்தினால்தான் வயல் முழுவதற்கும் பயன். கிளிசெரியாக் குழையும் நல்லது, ஆனால் நூறு கிலோ பச்சைக் குழையில் வருவது ஒன்றரைக் கிலோ யூரியாவுக்குச் சமமான நைதரசன் மட்டுமே. பொற்றாசியத்துக்கு அதை நம்பி எம்ஓபியை விட்டுவிட முடியாது.

மேட்டுப்பயிர்

கச்சானில் வரட்சிக்கு முன்பே இழப்பைத் தருவது கல்சியம். கச்சானின் காய் மண்ணுக்குள் இருப்பதால் அதில் நீராவி வெளியேற்றம் இல்லை. வேர் உறிஞ்சும் கல்சியம் இலைக்குப் போகுமே தவிரக் காய்க்கு வராது. காய் தன் தோலாலேயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுக்கவேண்டும். மேல் மண் காய்ந்தால் அதுவும் நின்று, தோடு இருக்கும், பருப்பு இருக்காது. முல்லைத்தீவின் மணல்சார்ந்த செம்மண்ணில் ஜிப்சம் ஏக்கருக்கு 100 முதல் 160 கிலோ, பூத்து ஊசி (காயாகும் காம்பு) மண்ணுக்குள் இறங்கும்போது, 40 நாள் வாக்கில், செடியடியில் தூவி மண் அணைத்துவிடுங்கள். பருப்பைப் பிளந்தால் நடுவில் கபிலமாகக் குழிந்திருந்தால் அது போரன் குறை. 16 லீற்றருக்கு 16 கிராம் போரிக் அமிலம், பூக்கும்போது ஒருமுறை. போரன் விஷயத்தில் கை தாராளம் கூடாது, தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறிது.

மிளகாயிலும் தக்காளியிலும் காய் நுனி கறுத்துக் குழிவதும் கல்சியமே. ஆனால் பெரும்பாலும் மண்ணில் கல்சியம் இருக்கும், இறைப்பு ஒழுங்கில்லாததால் காய்க்குப் போய்ச்சேராது. ஒருநாள் குளமாய், நாலு நாள் தூளாய் இறைக்கும் தோட்டத்தில் கல்சியம் நைத்திரேற் தெளித்தும் பயனில்லை. வைக்கோல் மூடாக்கு போட்டு, குறைவாக அடிக்கடி இறைத்த பிறகு தேவைப்பட்டால் 16 லீற்றருக்கு 80 கிராம் தெளியுங்கள். யூரியாவும் எம்ஓபியும் ஒரேயடியாகக் கூடினாலும் இதே குழி விழும்.

வவுனியாப் பக்கத்து உளுந்துக்குப் பூக்கும் நேரத்தில் மண் ஈரம் குறையத் தொடங்கினால் வேர்முடிச்சு வேலை நிறுத்தும். அப்போது 16 லீற்றருக்கு 160 கிராம் யூரியா, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளித்தால் காய் உதிர்வது குறையும்.

உவரும் வெள்ளமும்

பூநகரியிலும் மன்னார்க் கரையோரத்திலும் உவர் நிலத்தில் சோடியம், பொற்றாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாங்கும் இனம் (அட் 354 போன்றவை) விதைத்தாலும் பொற்றாசியம் இல்லாவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி பாதிதான் வேலை செய்யும். இங்கே எம்ஓபியை ஒரேயடியாகப் போடாதீர்கள், அதுவும் ஒரு உப்புத்தான். மூன்றாகப் பிரித்து, மழைத் தண்ணீரால் ஒருதரம் வயலைக் கழுவிய பின் போடுங்கள். கிணற்று நீரினதும் மண்ணினதும் மின்கடத்துதிறனை (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) அளந்துகொண்டு பயிரைத் தெரியுங்கள். மண் கரைசலில் போஞ்சி மீற்றருக்கு 1 டெசிசீமன்சிலும், வெங்காயம் 1.2 இலும், மிளகாய் 1.5 இலும், நெல் 3 இலும் விளைச்சல் இழக்கத் தொடங்கும், கௌபி 5 வரை ஓரளவு தாங்கும்.

கார்த்திகை வெள்ளம் வடிந்தவுடன் யூரியாவோடு வயலுக்கு ஓடவேண்டாம். அழுகாத வேர் இருக்கிறதா என்று இரண்டு பயிரைப் பிடுங்கிப் பாருங்கள். இலையில் சேறு படிந்திருந்தால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் புது இலை விரிந்த பிறகு யூரியாவையும் எம்ஓபியையும் சேர்த்துக் குறைந்த பங்காகப் போடலாம். வெள்ளத்துக்கு முதல்நாள் யூரியா குடித்த வயல்தான் பெரும்பாலும் முதலில் அழுகும்.

சந்தேகமான இலையை ஈரமில்லாத கடதாசியில் வைத்து, எந்த வயது, எந்த இலை, எந்தத் திகதியில் என்ன பசளை என்று எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். ‘இலை மஞ்சள்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்லமுடியாது. அறுவடையில் விடுபட்ட பாத்திச் சோதனையின் மூன்று பாத்தியையும் தனித்தனியே வெட்டி, உலர்த்தி, நிறுங்கள். எம்ஓபி இல்லாத பாத்தி 25 சதுர மீற்றரில் ஒரு கிலோ குறைந்திருந்தால், ஏக்கருக்கு அது 160 கிலோ நெல். 25 கிலோ எம்ஓபி வாங்கும் விலையை அந்த 160 கிலோவின் விலையோடு வைத்துப் பாருங்கள்.